புதாற்றங்கரைக்கு வந்த கோமாளி மீன்கள்

ஒரத்தநாட்டில் என் பெரியப்பா மகன் வீட்டுக் கூடத்தில் ஐந்து வாரமாக ஒரு கண்ணாடித் தொட்டி மீனே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. நான்கடி நீளம், 200 லிட்டர் தண்ணீர். மோட்டார் சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, உள்ளே மணலும் நாலைந்து கற்களும் மட்டும். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் குனிந்து பார்த்துவிட்டு, "மீன் எங்கே?" என்று கேட்பார்கள். பெரியம்மா எல்லோருக்கும் ஒரே பதிலை வைத்திருந்தார்: "தண்ணி இன்னும் பழுக்கலையாம்."

அந்தத் தண்ணீர் பழுத்துவிட்டது என்று உறுதியான மறுநாள், மாசி மாதத்து விடியற்காலையில், அண்ணனும் நானும் அவர் மகனும் ராமேசுவரம் பக்கத்து மண்டபத்துக்குக் கிளம்பினோம். கடல் மீன் வாங்கக் கடற்கரைக்குப் போவது பெரிய சங்கதி இல்லைதான். ஆனால் இந்தப் பயணத்துக்குப் பின்னால் ஏழு மீன்களின் சாவு இருக்கிறது. அதைச் சொல்லிவிட்டுத்தான் வண்டியை எடுக்க வேண்டும்.

இரண்டு வருஷத்துக்கு முன் அண்ணன் ஒரு பெரிய ஊரின் கடையில் தொட்டி, உப்பு, மீன் எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்கி வந்தார். பையன் 'நீமோ' படம் பார்த்துவிட்டுக் கேட்ட ஆசை. மூன்று நீல டாம்செல், இரண்டு கோமாளி மீன், ஒரு நீல டாங், வரைந்து வைத்தது போல ஒரு மேண்டரின். மாலையில் தண்ணீர் கலக்கி, இரவில் மீனை விட்டாயிற்று. மூன்றாம் நாள் டாங் பக்கவாட்டில் சாய்ந்து மூச்சு வாங்கியது. ஐந்தாம் நாள் எல்லா மீனின் மேலும் உப்புப் பொடி தூவியது போல வெள்ளைப் புள்ளிகள். ஒன்பதாம் நாள் மேண்டரினும் போயிற்று. அதன் வயிறு ஒட்டிப்போய், ஒரு வெற்றிலைக் காம்பு அளவுக்கு வந்திருந்தது. பையன் ஒரு வாரம் அந்தக் கூடத்துப் பக்கமே போகவில்லை. கடைக்காரர் தெரியாமல் செய்தாரா தெரிந்தே செய்தாரா என்பதை இப்போது கிளறிப் பயனில்லை. மேண்டரின் பவளக் கற்களின் மேல் ஊரும் கண்ணுக்கு எட்டாத பூச்சிகளைப் பொழுதெல்லாம் கொத்தித் தின்னும் மீன். புதுத் தொட்டியில் அந்தப் பூச்சி ஒன்றுகூட இருக்காது. அதைப் புதுத் தொட்டிக்காரருக்குக் கொடுப்பது பட்டினி போடக் கொடுப்பதுதான்.

இந்த முறை முதல் சந்தேகம் உப்பிலேயே வந்தது. "வேதாரண்யம் பக்கத்துலதானே இருக்கு. அந்த உப்பைக் கரைச்சா ஆகாதா?" என்று பெரியம்மா கேட்டார். நல்ல கேள்வி. உப்பளத்தில் கடல்நீர் சுண்டும்போது முதலில் சுண்ணாம்புச் சத்து ஜிப்சமாகப் படிந்துவிடும். பிறகுதான் நாம் சோற்றில் போடும் உப்பு பூக்கும். மக்னீசியம் கடைசிக் கசப்பு நீரோடு வெளியே போய்விடும். ஆக, பாத்தியில் வாரிய உப்பு கடலின் ஒரு பங்கு மட்டுமே. மீனுக்கு முழுக் கடலும் வேண்டும். அதனால் தொட்டிக்கென்றே கலந்து வரும் கடலுப்பை, ஆர்.ஓ. தண்ணீரில், லிட்டருக்கு 35 கிராம் கணக்கில் கரைத்தோம். 200 லிட்டருக்கு ஏழு கிலோ. வயலுக்குள் உவர் ஏறாமல் இருக்கக் காலமெல்லாம் பாடுபடுகிற வீட்டில், கூடத்தில் வைத்து ஏழு கிலோ உப்பைக் கரைப்பதைப் பார்த்துப் பெரியம்மாவுக்கு மனசே ஆகவில்லை.

அடுத்து, மீன் இல்லாத தொட்டிக்குத் தினம் ஒரு சிட்டிகை மீன் தீவனம் போட்டோம். தீவனம் அழுகி அம்மோனியா வரும். அம்மோனியா மீனுக்கு நஞ்சு. அதைத் தின்று நைட்ரைட் ஆக்கும் நுண்ணுயிர் ஒன்று, நைட்ரைட்டைத் தின்று நைட்ரேட் ஆக்கும் நுண்ணுயிர் இன்னொன்று. இரண்டும் கல்லிலும் மணலிலும் குடியேறிப் பெருக நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். இதை அண்ணனுக்கு விளக்க நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தேன். அவர் பாதியிலேயே, "யூரியா மண்ணுல மாறுற கணக்குதானே? அதைச் சொல்லவா இவ்வளவு இழுக்கிறே?" என்றார். அதே கணக்குதான். அதற்குப் பிறகு சோதனைக் குழாயை அவரே கையில் எடுத்துக்கொண்டார். அம்மோனியாக் குழாய் முதல் வாரம் பச்சையாக இருந்து மெல்ல மஞ்சளுக்கு இறங்கியது. நைட்ரைட் குழாய் ஊதாவாக ஏறி, இரண்டு வாரம் அப்படியே நின்று, ஒருநாள் காலையில் வெளிர் நீலமாகிவிட்டது. அன்று மாலை வேண்டுமென்றே கூடுதலாகத் தீவனம் போட்டார். மறுநாளும் அதற்கடுத்த நாளும் இரண்டு குழாயிலும் நஞ்சின் நிறம் இல்லை. நெல்லுக்குத் தலைமுறையாக நாற்றங்கால் போட்ட கைக்கு இந்தக் காத்திருப்பு புதிதில்லை. முதல் தடவை மீன் விஷயத்தில் மட்டும் அதை ஏன் மறந்தோம் என்பதுதான் அவருக்கு ஆறாத வருத்தம்.

நாங்கள் கிளம்பியபோது புதாறு வறண்டிருந்தது. கல்லணைக் கால்வாயை இங்கே புதாறு என்றுதான் சொல்வார்கள். மேட்டூர் அணையை ஜனவரி 28ல் மூடினால் சில நாளில் இதன் மணல் தெரிந்துவிடும். சாலையோரம் அறுத்த நெல் குவியல் குவியலாகத் தார்ப்பாய்க்குள் கொள்முதலுக்குக் காத்திருந்தது. ஊருக்குள் முக்தாம்பாள் சத்திரத்தைத் தாண்டும்போது அண்ணன் வண்டியை மெதுவாக்கினார். இரண்டாம் சரபோஜி மன்னர் முக்தாம்பாள் பெயரில் கட்டிய சத்திரம். ராமேசுவரம் போகும் யாத்திரைக்காரர்கள் உண்டு உறங்கிப் போன வழி இது. நாங்களும் அதே வழியில்தான் போகிறோம் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

பட்டுக்கோட்டையில் காப்பி. அங்கிருந்து கடற்கரைச் சாலை. வழி நெடுகத் தென்னந்தோப்புகளில் இளங்கன்றுகள் நிறைய. 2018 நவம்பர் 16 விடிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி, ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி என்று இந்த வட்டாரத்துத் தென்னையை எல்லாம் படுக்கப் போட்டது. வாரக்கணக்கில் மின்சாரம் கிடையாது. அதை நினைத்தபடி அண்ணன், "காத்து மோட்டாருக்குத் தனி பேட்டரி வாங்கி வச்சிருக்கேன்" என்றார். கடல் தொட்டி வைக்கிறவருக்கு மீனைவிட முந்தி வாங்க வேண்டிய பொருள் அது. நீரில் காற்று நின்றால் மீன் நெடுநேரம் தாங்காது. மீனைக் காக்கும் அந்த நுண்ணுயிர்களுக்கும் காற்று வேண்டும்.

மனோராவில் இறங்கினோம். நெப்போலியன் வீழ்ந்ததைக் கொண்டாட அதே சரபோஜி எழுப்பிய எட்டு அடுக்குக் கோபுரம். பையன் ஓடிப்போய்க் கடலில் கால் நனைத்தான். அலை இல்லை, ஏரிபோலக் கிடந்தது. பாக் விரிகுடா ஆழமில்லாத கடல், அடியில் சேறும் கடல்தாழையும். இந்தத் தாழையை மேய்கிற ஆவுளியா என்னும் கடல்பசுவுக்காக, 2022 செப்டம்பரில் தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களின் கடலில் 448 சதுர கிலோமீட்டரைத் தமிழக அரசு காப்பகமாக அறிவித்தது. பையன் கையில் கடல்நீரை அள்ளி, "சித்தப்பா, இதையே கேன்ல கொண்டுபோய்த் தொட்டில ஊத்தியிருக்கலாம்ல?" என்றான். ஊற்றலாம். பலர் ஊற்றுகிறார்கள். ஆனால் ஆற்று முகத்துவாரம் பக்கத்தில் இருந்தால் மழைக்காலத்தில் உப்பு குறையும்; கரையோரம் சேறு; அதோடு கண்ணுக்குத் தெரியாமல் வருகிற நோய்க் கிருமிகள். வடித்து, சில வாரம் இருட்டில் வைத்து, அளந்து பார்த்து எடுக்கிற பொறுமை உள்ளவர்களுக்குத்தான் அது.

கட்டுமாவடி, மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், மீமிசல், தொண்டி, தேவிபட்டினம். பெயர்களைச் சொன்னாலே கருவாட்டு வாசனை வருகிற ஊர்கள். ராமநாதபுரம் தாண்டி, உச்சிப்புளி தாண்டி, நிலம் ஒடுங்கி இரண்டு பக்கமும் கடல் வந்துவிடும் இடம் மண்டபம். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. வாடை அடித்தால் வடக்கே கொந்தளிப்பு, சோழகம் அடித்தால் தெற்கே கொந்தளிப்பு. ஒரு பக்கம் சீறும்போது மறுபக்கம் பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும்.

மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1947ல் தொடங்கியது. 1971ல் கொச்சிக்குப் போகும்வரை அதன் தலைமையகம் இந்தச் சின்ன ஊரில்தான் இருந்தது. இன்று அதன் மண்டல மையம் இருக்கிறது. 2010ல் இந்தியாவில் முதன்முதலாகக் கடல்விரால் என்னும் கோபியாவைத் தொட்டியில் முட்டையிட வைத்துக் குஞ்சு பொரித்தது இங்கேதான். அதற்கு முன்பிருந்தே கோமாளி மீன், டாம்செல் வகைகளைப் பொரிக்கும் முறையையும் இங்கே செய்து காட்டியிருக்கிறார்கள். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் இதே வேலையைச் செய்தது. வண்ண மீன் வளர்க்கிற எத்தனை பேருக்கு இது தெரியும் என்று நினைக்கும்போது எனக்கு ஆதங்கமாக இருக்கிறது. கப்பியும் மோலியும் நம் ஊர்ப் பண்ணைகளில் பிறந்தவை. கடல் வண்ண மீன் அப்படியில்லை. உலகச் சந்தையில் விற்கும் வகைகளில் பெரும்பாலானவை இன்னும் பவளப்பாரிலிருந்து நேராகப் பிடித்து வந்தவைதான். பிலிப்பைன்சிலும் இந்தோனேசியாவிலும் சயனைடு பீய்ச்சி மயக்கிப் பிடிக்கும் வழக்கம் பல ஆண்டுகள் பார்களைப் பாழாக்கியிருக்கிறது. அப்படிப் பிடித்த மீன் கடையில் பளபளவென்று நிற்கும், வீட்டுக்கு வந்து சில வாரத்தில் காரணம் தெரியாமல் சாகும். கடல் மீன் வாங்கப் போகிறவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி விலை இல்லை. "இது எங்கே பிறந்தது?" என்பதே.

மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையே 21 தீவுகளைச் சேர்த்து 1986ல் கடல்சார் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். வீடு கட்டவும் சுண்ணாம்புக்கும் பவளக்கல்லை வெட்டியெடுத்த காலம் ஒன்று இங்கே இருந்தது. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல் சூடேறிப் பவளம் வெளுத்தது. பவளம், கடல்குதிரை, கடல் அட்டை மூன்றும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருகின்றன. செத்த பவளக்கல்லைத் தொட்டிக்கு எடுத்தாலும் குற்றம்தான். அதனால்தான் எங்கள் தொட்டியில் இருக்கும் கற்கள் சிமென்ட்டில் வார்த்தவை, வடிகட்டியில் இருப்பவை சுட்ட மண் வளையங்கள். நுண்ணுயிருக்கு எந்தக் கல்லானாலும் சரி, துளை நிறைய இருந்தால் போதும்.

மீன் வாங்கும் வீட்டுக்குப் போகும் முன் ஒரு டீக்கடை நிழலில் உட்கார்ந்து பட்டியல் போட்டோம். போட்டோம் என்றால், பையன் ஆசைப்பட்டதை ஒவ்வொன்றாக அடித்தோம். நீல டாங் ஒரு அடி வரை வளரும். நான்கடித் தொட்டி அதற்குச் சிறை. வண்ணத்துப்பூச்சி மீன்களில் பல பவளத்தின் உயிரையே தின்னும். தொட்டியில் சோறு இறங்காது. சிங்கமீனின் முள்ளில் நஞ்சு. டாம்செல் எதையும் தாங்கும். அதனாலேயே புதுத் தொட்டிக்கு முதலில் டாம்செல் விடு என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. நஞ்சைத் தாங்கும் என்பதற்காக ஒரு உயிரை நஞ்சில் விடுவது என்ன நியாயம்? தவிர, முதலில் வந்த டாம்செல் முழுத் தொட்டியையும் தன் பட்டாவில் எழுதிக்கொண்டு, பின்னால் வரும் ஒவ்வொன்றையும் விரட்டும். சாதுவான மீன் முதலில், இடம் பிடித்துச் சண்டை போடும் மீன் கடைசியில். 200 லிட்டருக்கு மொத்தம் நாலைந்து சின்ன மீன். ஒரு ஜோடிக்கும் அடுத்ததற்கும் நடுவே மூன்று நான்கு வாரம், ஏனென்றால் கூடுகிற கழிவுக்கு ஏற்ப நுண்ணுயிரும் பெருக வேண்டும். பட்டியலில் கடைசியாக மிஞ்சியது இரண்டு கோமாளி மீன். "சாமந்தி?" என்றான் பையன். கோமாளி குடியிருக்கும் கடல்சாமந்திக்குப் பல மாதம் நிலைத்த தண்ணீரும் பலத்த வெளிச்சமும் வேண்டும். தொட்டியில் பிறந்த கோமாளி சாமந்தியைக் கண்டதே இல்லை, அது இல்லாமலே வாழும்.

அந்த வீடு தென்னை ஓலைக் கொட்டகைக்குள் வரிசையாகச் சிமென்ட் தொட்டிகள் வைத்த வீடு. பொரித்த குஞ்சுகளை வாங்கி வளர்த்து விற்கிற குடும்பம். பொரிக்கவும் கற்றுக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மா எங்களை முதலில் ஒரு மூலைத் தொட்டிக்கு அழைத்துப் போய்க் காட்டினார். சாய்த்து வைத்த ஓட்டுத் துண்டின் உள்பக்கம், பட்டுத் துணியில் ஜரிகை போட்டது போல நெருக்கமாக முட்டைகள். அவற்றுள் வெள்ளிப் புள்ளிகள். குஞ்சுகளின் கண்கள் அவை. ஆண் மீன் வாயால் ஒவ்வொரு முட்டையாகத் தடவி, பிறகு துடுப்பால் விசிறியது. நகர்ந்தது, மறுபடி வந்து விசிறியது. நாங்கள் நின்ற கால் மணி நேரமும் அது ஓயவில்லை. "இன்னிக்கு ஏழாவது நாளு. பொழுது சாஞ்சு விளக்க அணைச்சதும் பொரிஞ்சிரும்" என்றார் அந்த அம்மா. பொரிக்கும்போது குஞ்சு நாலு மில்லிமீட்டர்கூட இருக்காது. பச்சைப் பாசி கலந்த நீரில் ரோட்டிஃபர் என்னும் நுண்ணுயிரைத் தின்று, இரண்டு வாரம் தப்பிப் பிழைத்தால்தான் வெள்ளைப் பட்டை விழுந்து கோமாளி ஆகும். பையன் முழங்காலிட்டு, மூக்கு தண்ணீரில் படுகிற அளவுக்குக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

மூன்று மாதக் குஞ்சுகள் இருந்த தொட்டியில் நூற்றுக்கும் மேல் நீந்தின. அண்ணன் முதலில் தீவனம் போடச் சொன்னார். எது முந்தி வந்து கொத்துகிறது, எது ஒதுங்குகிறது, எது வாயில் வாங்கித் துப்புகிறது என்று பத்து நிமிஷம் பார்த்தார். பிறகு செவுளைப் பார்த்தார், துடுப்பு விரிந்திருக்கிறதா, வயிறு ஒட்டியிருக்கிறதா, உடம்பில் வெள்ளைப் பொடி உண்டா என்று பார்த்தார். ஒரத்தநாட்டுச் சந்தையில் மாடு பிடிக்கிற அதே கண். கடைசியில் ஒன்று கொஞ்சம் பெரிதும் ஒன்று சிறிதுமாக இரண்டைக் காட்டினார். அந்த அம்மா சிரித்தார். "தெரிஞ்சு எடுக்கிறீங்க." கோமாளி மீன் எல்லாம் பிறவியில் ஆண்தான். கூட்டத்தில் பெரிதாக வளர்வது பெண்ணாகும். ஒரே அளவில் இரண்டை விட்டால் யார் பெரியவர் என்று நெடுநாள் சண்டை நடக்கும்.

"உங்க தண்ணியில உப்பு எவ்வளவு?" என்று அண்ணன் கேட்டார். 32 என்றார்கள். எங்கள் வீட்டில் 35. அண்ணன் உடனே அண்ணிக்குப் போன் போட்டார். புதிதாக வரும் மீனைத் தனியாக வைத்துப் பார்க்க 60 லிட்டர் சின்னத் தொட்டி ஒன்று பின்னறையில் இருந்தது. "அதுல அஞ்சு லிட்டர் எடுத்துட்டு அஞ்சு லிட்டர் நல்ல தண்ணி விடு. ஒரே அடியா ஊத்தாதே." உப்பு குறைவான நீரிலிருந்து கூடிய நீருக்கு மீனைச் சட்டென்று மாற்றினால் அதன் உடம்பு தாங்காது. நீரை மீனுக்குச் சமமாக்கி வைத்துவிட்டு, ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும்.

முந்தின நாளிலிருந்து அந்த மீன்களுக்கு அரை வயிறுதான் போட்டிருந்தார்கள், பயணத்தில் கழிவு குறையட்டும் என்று. மீனுக்கு ஒரு பை. மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி ஆக்சிஜன். தெர்மோகோல் பெட்டியில் வைத்து மூடியாயிற்று. திரும்பும் வழியில் எங்கும் இறங்கவில்லை. பையன் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, வேகத்தடை வரும்போதெல்லாம் பெட்டியை மேலே தூக்கிப் பிடித்தான். மீமிசல் வரும்போது இருட்டிவிட்டது. "இப்ப அங்க பொரிஞ்சிருக்கும்ல?" என்றான்.

ஒரத்தநாடு சேர்ந்தபோது மணி ஒன்பதரை. வீட்டில் கூடத்து விளக்கை அணைத்து வைத்திருந்தார்கள். பெரியம்மா தூங்கவில்லை. மூடிய பைகளைச் சின்னத் தொட்டியில் இருபது நிமிஷம் மிதக்க விட்டோம், சூடு ஒன்றாகட்டும் என்று. நீண்ட பயணத்தில் மீன் விட்ட மூச்சில் பைத் தண்ணீர் புளித்திருக்கும். அந்தப் புளிப்பு இருக்கும்வரை அதிலுள்ள அம்மோனியா அவ்வளவாகக் கடிக்காது. பையைத் திறந்ததும் கரியமிலக் காற்று வெளியேறி, புளிப்பு இறங்கி, அதே அம்மோனியா நஞ்சாகிவிடும். அதனால் திறந்து வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் சொட்டுச் சொட்டாக நீர் கலக்குகிற முறையை இங்கே விட்டுவிட்டோம். உப்பு முன்பே சமமாகி இருந்ததால் அதற்குத் தேவையும் இல்லை. உப்பு அளக்கும் கருவியில் ஒரு சொட்டு விட்டு அண்ணன் டார்ச் வெளிச்சத்தில் பார்த்தார். 32. பையைக் கிழித்து, வலையைத் தொடாமல், ஈரக் கையால் ஒரு சின்னக் கிண்ணத்தில் மீனை மட்டும் ஏந்தி உள்ளே விட்டார். பைத் தண்ணீர் ஒரு சொட்டும் தொட்டிக்குள் போகவில்லை. அது கொல்லைக்குப் போயிற்று.

இரண்டும் நேராக பி.வி.சி. குழாய்த் துண்டுக்குள் போய் ஒளிந்துகொண்டன. ஐந்து வாரம் பெரிய தொட்டியில் ஊறி நுண்ணுயிர் ஏறிய பஞ்சு வடிகட்டி மூலையில் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. மூன்று வாரம் இங்கேதான் இருப்பு. வெள்ளைப் புள்ளி நோய் வந்தால் இந்தச் சின்னத் தொட்டியோடு நிற்கட்டும். பெரிய தொட்டிக்குள் அது ஒருமுறை புகுந்தால், மீன்களை எல்லாம் வெளியே எடுத்துவிட்டு இரண்டரை மாதம் தொட்டியை வெறுமையாகப் போட வேண்டும்.

முதல் நாள் இரண்டும் தின்னவில்லை. இரண்டாம் நாள் மாலை பெரியது வெளியே வந்து ஒரு துணுக்கை விழுங்கிவிட்டுக் குழாய்க்குள் பின்வாங்கியது. மூன்றாம் நாள் காலையில் பெரியம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு தொட்டி முன்னால் உட்கார்ந்திருந்தார். பெரிய மீன் சின்னதை ஒரு சுற்று விரட்டியது. சின்னது ஓடவில்லை. பக்கவாட்டில் சாய்ந்து, உடம்பு முழுவதும் படபடவென்று நடுங்கிக் காட்டியது. பெரியது நின்றது. பிறகு இரண்டும் ஒன்றாகத் தீவனத்துக்கு மேலே வந்தன.

"வீட்டுக்காரி யாருன்னு முடிவாயிடுச்சு" என்றார் பெரியம்மா, கண்ணாடியிலிருந்து முகத்தை எடுக்காமலே.